அரசியின் கையும் அம்மைப்பாலும்

நம்முள் அகவை ஐம்பதைக் கடந்தவர்கள் தம் கையைத் திருப்பிப் பார்த்தால், காலணாக் காசை அழுத்தி எடுத்தாற்போன்ற வட்டத் தழும்பு ஒன்றோ இரண்டோ தென்படும். பேரக்குழந்தைகளின் கையில் அது இல்லை. ‘அம்மை குத்திய வடு’ என்று நம் வீடுகளில் அதைச் சொல்லுவோம். கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், அண்டை வீட்டு மலையாளம் கலந்து, ‘அச்சுகுத்து’ என்று சொல்லும் முதியவர்களும் உண்டு. ஏட்டு வழக்கில் அதற்குக் ‘கோவசூரிப் பிரயோகம்’ என்று பெயர். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றே. நோயின்றி ஓடியாடித் திரியும் குழந்தையைப் பிடித்து நிறுத்தி, அதன் கையைக் கீறி, ஒரு சிறு நோயை வலிய வருவிப்பது. மருந்து என்பது நோயாளிக்கு உரியது என்று பல்லாயிரம் ஆண்டுகளாய் எண்ணிவந்த மக்களிடம், நோயில்லாதவனுக்கும் மருந்து உண்டு, அதுவும் அவன் ஒருவனுக்காக மட்டுமன்று, அவன் அண்டை வீட்டாருக்காகவும்தான் என்று சொன்னால் எப்படி ஏற்பார்கள்? இந்தத் திருவனந்தபுர நகரில் அந்தக் கேள்வி எழுந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அதன் வரலாற்றை இம்மலரில் சற்றே புரட்டிப் பார்க்க விழைகின்றோம்.

பெரியம்மையின் கொடுமையை இன்றைய தலைமுறை அறியாது. நோய் கண்டவர்களில் பத்துப்பேருக்கு ஏறத்தாழ மூவர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் கண்ணொளி இழந்தனர், முகம் சல்லடையானது. நாஞ்சில் நாட்டில் முத்தாரம்மனுக்குக் கொடை எடுப்பவர்கள் அறிவார்கள்: முத்து என்பது கடல் முத்தன்று, உடலில் அரும்பும் கொப்புளம். கொடுங்கல்லூர்ப் பகவதியின் கோயிலில் வசூரிமாலைக்குத் தனியே இடமுண்டு. ‘நோய் வந்தது’ என்று சொல்ல நாக்கு எழாது. ‘தாய் இறங்கியிருக்கிறாள்’ என்பார்கள். வேப்பிலை செருகுவார்கள், தாளிப்பை நிறுத்துவார்கள், வந்து போவாரைத் தடுப்பார்கள். மூடநம்பிக்கை என்று இவற்றை எளிதில் தள்ளிவிடலாகாது. வாசலில் வேப்பங்கொத்தைக் கண்டு அயலார் ஒதுங்கிப் போவது தொற்றைத் தடுக்கும் ஒரு வேலிதானே. ஆனால் அந்த வேலி பல வேளைகளில் போதவில்லை.

இங்கிலாந்தின் நாட்டுப்புற மருத்துவர் எட்வர்டு ஜென்னர் 1796 மே 14 அன்று, பால்கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையிலே கீறி வைத்தார். ஆறே ஆண்டுகளில் அது இந்தியாவை எட்டிவிட்டது. எப்படி எட்டியது என்பதே நம் பொருளுக்கு வேண்டிய செய்தி. அக்காலத்தில் குளிர்பெட்டி இல்லை. கண்ணாடிச் சிமிழில் அடைத்தால் வெயிலில் வீரியம் கெடும். ஆகவே ஒரு குழந்தையின் கையில் வைத்து, ஏறத்தாழ எட்டாம் நாள் கொப்புளம் பழுத்ததும் அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைத்தார்கள். இப்படிக் கையிலிருந்து கைக்கு மாறி, பாக்தாத், பசரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது பலித்தது. அந்நாளில் இந்தியா முழுதும் பரவிய அம்மைப்பால் அந்தச் சிறுமியின் கையிலிருந்து கிளைத்ததே. மறு ஆண்டில், 1803இல், ஸ்பெயின் அரசு அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலை அனுப்பியபோது, கப்பலில் ஏற்றியது இருபத்திரண்டு அனாதைச் சிறுவர்களை. அவர்களே மருந்துப் புட்டிகள். உலக மக்களின் நலத்துக்காக முதலில் கை நீட்டியவர்கள், நீட்டவைக்கப்பட்டவர்கள், ‘மாட்டேன்’ என்று சொல்ல வாயில்லாத பிள்ளைகள். இதை நினைவிற் கொண்டால்தான் திருவிதாங்கூரில் நடந்தது எத்துணை வேறானது என்பது விளங்கும்.

வேலுத்தம்பி தளவாய் கும்பினியை எதிர்த்து எழுந்து 1809இல் உயிர்நீத்த பின், நாடு புண்பட்ட நிலையில் இருந்தது. 1810இல் ஆட்சிக்கு வந்தவர் கௌரி லட்சுமி பாய் மகாராணி. அப்போது அவர் அகவை இருபதை ஒட்டியது. ஆண் வாரிசு இல்லை. கும்பினியின் பார்வை அரியணைமேல். 1811இல் ரெசிடெண்டு கர்னல் மன்றோவையே திவானாகவும் அமர்த்திக்கொண்டார். வெள்ளைக்காரத் திவான், வெள்ளைக்கார மருந்து: மக்கள் ஐயுற்றதில் வியப்பென்ன? நேற்றுவரை பீரங்கி கொண்டு வந்தவன் இன்று உன் பிள்ளையின் கையைக் கீறுகிறேன் என்கிறான்.

1813ஆம் ஆண்டளவில் அம்மை குத்துவதற்கென நாட்டில் ஏற்பாடு செய்யப்பட்டபோது, மகாராணி முதலில் ஆணை பிறப்பித்து ஒதுங்கிவிடவில்லை. தாமே அதை ஏற்றார். அரண்மனைக் குடும்பத்தாருக்கும் முதற்கண் வைக்கச் செய்தார். அதன் பின்னரே மக்களுக்கு. அதே 1813 ஏப்ரலில்தான், நாடே காத்திருந்த ஆண் மகவு, பின்னாளில் சுவாதித் திருநாள் எனப் புகழ்பெற்ற பெருமான் பிறந்தார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உயிர் போனால் ஓர் அரசே கும்பினிக்குப் போய்விடக்கூடிய காலம். அந்த வீட்டார் தம் கையை முதலில் நீட்டினார்கள். அடிமை வாணிகத்தை 1812இல் தடைசெய்த அரசியும் இவரே. அவர் 1815இல் மிக இளமையிலேயே மறைந்துவிட்டார். நம் பள்ளிப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் அவரைக் கடந்துவிடுவது நமக்கு வருத்தமே.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே மைசூர் அரண்மனைப் பெண்டிர் அம்மை குத்திக்கொண்டதைக் காட்டுவதாக, 1805 அளவில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியம் ஒன்றை ஆய்வாளர் சுட்டுவர். ஆக, தென்னாட்டில் இம்மருந்துக்கு வழிவிட்டவர்களுள் அரசமகளிர் முன்னணியில் நின்றனர் எனலாம்.

வேறொரு வழியையும் அக்காலத்தார் முயன்றனர். அது நேரிய வழியன்று. திருக்குறளுக்கு உரைகண்ட எல்லீசர், சென்னையில் கும்பினிப் பணியில் இருந்த காலத்தில், அம்மைப்பாலைத் தெய்வக் கொடையாகக் காட்டும் கதை ஒன்றை இயற்றினார். 1819இல் சென்னை ஆங்கிலச் செய்தித்தாளொன்றில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. பசு அம்மையை வைக்கும் முறை பழைய வடமொழி மருத்துவ நூலிலேயே கூறப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். மேலைநாட்டு நூல்களும் இதை நம்பி வழிமொழிந்தன. பிற்கால ஆய்வாளர் தேடிப்பார்த்தபோது பழைய மருத்துவ நூல்களில் அப்படி ஒரு பகுதி இல்லை. மக்களை ஏற்கச் செய்யவேண்டும் என்ற நல்லெண்ணம் இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். ஆயினும் நலத்துக்காகச் சொன்ன பொய் நிற்கவில்லை. அரசியின் கைத்தழும்பு நின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் மனம் எதன்பால் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இனி, அஞ்சியவர்களின் பக்கத்தையும் கேட்போம். அவர்கள் அச்சம் வெற்றச்சமன்று. கையிலிருந்து கைக்கு மாறும் நீரோடு வேறு நோய்களும் மாறக்கூடும். 1861இல் இத்தாலியின் ரிவால்ட்டா என்னும் ஊரில், ஒரே குழந்தையிலிருந்து தொடங்கிய அம்மைப்பால் வழியாகப் பல குழந்தைகளுக்கு மேகநோய் பற்றியது. பச்சிளம் பிள்ளைகளுக்கு மேகநோய்! பெற்றவர் வயிறு எப்படி எரிந்திருக்கும்? இங்கிலாந்தில் கைக்குக் கை மாற்றும் முறை 1898இல்தான் தடைசெய்யப்பட்டது. நம் நாட்டிலோ இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தீண்டாமைக்கு மேல் ‘இத்தனை அடி தள்ளி நில்’ என்று தொலைவையும் அளந்த நாடு இது. யாருடைய பிள்ளையின் கைநீர் யாருடைய பிள்ளையின் குருதியில் கலப்பது? சாதி பார்த்து அம்மை குத்த முடியாது. அம்மைப்பாலுக்குக் குலம் தெரியாது. அதனால் மேற்குடியார் மறைந்தனர். எளியவர் பிள்ளைகளோ கொப்புளத்தைத் திரும்பத் திரும்பக் குத்தவிட்டு, ஊருக்கு மருந்து தந்தனர். பசுவின் கன்றில் அம்மைப்பால் வளர்க்கும் முறை வந்தபின் ஒரு தொல்லை ஒழிந்தது. பசுவைத் துன்புறுத்துவதோ என்ற புதுக்கேள்வி அதன் இடத்தில் முளைத்தது.

இடரையும் பயனையும் தராசில் வைக்கும் கணக்கு ஜென்னருக்கும் முந்தியது. பெரியம்மையின் நீரையே சிறிதளவு கீறி வைக்கும் பழைய முறையில், நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறப்பதுண்டு. 1760இல் டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர், எல்லாருக்கும் இதைச் செய்தால் மக்களின் சராசரி வாழ்நாள் ஏறக்குறைய மூன்று ஆண்டு கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் காலத்தவரான தலம்பேர் கணக்கை மறுக்கவில்லை, மனிதரை நினைவூட்டினார். இன்றைக்குக் கீறிக்கொண்டால் ஒரு திங்களுக்குள் சாகக்கூடும். கிடைக்கும் ஆதாயமோ எங்கோ வாழ்நாளின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சில ஆண்டுகள். அரசுக்கு இரண்டும் கூட்டல் கழித்தல். தனி ஒருவனுக்கு, அதிலும் ஒரு தாய்க்கு, அவை ஒரே தட்டில் நிற்பனவல்ல. பெர்னூலியின் கூட்டலும் பிழையன்று, தலம்பேரின் தயக்கமும் பிழையன்று. இருநூற்றறுபது ஆண்டுகளாய் இவ்விருவரும் ஒவ்வொரு குழந்தையின் தொட்டிலருகிலும் நின்று வழக்காடிக் கொண்டேயிருக்கின்றனர் போலும்.

திருவிதாங்கூர் அரசு 1879இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம் அது. அரசுப் பணியாளர், சிறைக் கைதிகள், பள்ளி மாணவர் ஆகிய மூவகையினரும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. கேரளத்தின் நலவாழ்வு வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இதைப் பாராட்டிக் குறிப்பர், நாமும் பாராட்டுவோம். சிறையிலும் பள்ளியிலும் மக்கள் நெருங்கியிருப்பதால் நோய் விரைந்து பரவும். அலுவலரோ ஊர் ஊராய்ச் செல்பவர். காரணம் தெளிவு. ஆனால் இம்மூவருக்கும் பொதுவான இன்னொன்று உண்டு. ஒருவர் சம்பளத்துக்குக் கட்டுப்பட்டவர், ஒருவர் விலங்குக்குக் கட்டுப்பட்டவர், ஒருவர் ஆசிரியரின் பிரம்புக்குக் கட்டுப்பட்டவர். மூவரும் மறுக்க இயலாதவர். 1813இல் அரண்மனையிலிருந்து தொடங்கியது, 1879இல் சிறைச்சாலையை எட்டியிருந்தது. முன்னது முன்மாதிரி, பின்னது கட்டளை. இரண்டும் நோயைக் குறைத்தன என்பது உண்மையே. ஆயினும் மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற சுவடு ஒன்றாக இருந்திருக்க முடியாது.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இந்தக் கட்டளை புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர் கடலைக் கடக்குமுன் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர்; அங்கே அவர்களைக் குளிப்பாட்டி, உடைமைகளைப் புகையிட்டு, அம்மை குத்தி அனுப்பினர். மலாயாவுக்குச் சென்றோர்க்கு நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இதே சடங்கு. அந்தத் தழும்பு அவர்களைக் காத்தது, ஐயமில்லை. ஆனால் அது குத்தப்பட்டதன் நோக்கம் தோட்டத்தில் ஆள் குறையக்கூடாது, துறைமுகத்தில் நோய் இறங்கக்கூடாது என்பதாகவும் இருந்தது. பொதுநலம் என்று சொல்லும்போது அந்தப் பொதுவில் யார் யார் அடங்குகின்றனர் என்று கேட்கும் பழக்கம் நமக்கு மண்டபத்திலிருந்தே வந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து 1853இல் கட்டாயச் சட்டம் செய்து, எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் 1898இல் மனச்சான்றின்பேரில் மறுப்பவர்களுக்கு விலக்கு அளித்தது. நம் நாட்டில் காந்தியடிகள் அம்மை குத்துவதை ஏற்றாரல்லர். தமிழகத்தில் இன்னும் கூர்மையான வழக்கைத் தொடுத்தவர் இராஜாஜி. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1955இல், எலும்புருக்கி நோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் குழந்தைகளுக்குப் போட்டுவந்ததை எதிர்த்துப் பேசினார், எழுதினார், பிரசுரம் வெளியிட்டார். உயிருள்ள கிருமியை, பயன் ஐயமற நிறுவப்படாத நிலையில், பெற்றோருக்கு உரிய விளக்கமின்றிப் பள்ளிப்பிள்ளைகளுக்கு ஏற்றுவது முறையா என்பது அவர் கேள்வி. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930இல், கொடிய கிருமி தவறிக் கலந்துவிட்ட இம்மருந்தை உட்கொண்டு எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்த நிகழ்ச்சி அன்று பலருக்கும் நினைவிருந்தது. மருத்துவர்கள் இராஜாஜியைப் பிற்போக்கர் என்றனர்.

முடிவைக் காலம் சொன்னது. அதுவும் இருவரில் ஒருவரையும் முழுதாய் மகிழ்விக்கவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் ஒரு பெருஞ்சோதனை நடத்தப்பட்டது. வளர்ந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அதன் முடிவு 1979-80இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பயனைப் பற்றிய இராஜாஜியின் ஐயம் அவ்வளவில் மெய்யாயிற்று. கேட்டைப் பற்றிய அச்சமோ மெய்ப்படவில்லை. பச்சைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கடுங்காசத்திலிருந்து அது காக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடும் வழக்கம் தொடர்ந்தது. இராஜாஜி கேள்வி கேட்டது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். விடையைத் தேடி மண்ணில் இறங்கியவர்களின் பத்தாண்டு உழைப்பையும் மறக்கமாட்டோம்.

பெரியம்மையின் கதை 1970களில் முடிந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டார். 1977இல் சோமாலியாவில் மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவோ மாலின் என்பவரோடு இயற்கை வழித் தொற்று உலகிலேயே அற்றது. வேடிக்கை என்னவெனில், ஊசி வலிக்கும் என்று அஞ்சி அவர் தப்பித்துக்கொண்டிருந்தாராம். அவரே பின்னாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்காக ஊர் ஊராய்ச் சென்று தம் கதையைச் சொல்லி மக்களை இணங்கவைத்தார். 1980 மே 8 அன்று உலக நலவாழ்வு மன்றம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது. ஆனால் அமெரிக்காவும் பிரிட்டனும் 1971இலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மை குத்தும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. முதன்முறை குத்திக்கொள்வோரில் பத்து இலட்சத்துக்கு ஒருவரோ இருவரோ மருந்தாலேயே இறப்பதுண்டு. நோய் ஊரில் இருந்தபோது அந்த எண் தூசு. நோய் போனபின் அதுவே மலை. மருந்து மாறவில்லை, தராசின் மறுதட்டு மாறிற்று.

இதே பாடம் இளம்பிள்ளைவாதத்தில் மறுபடி வந்தது. நாவில் இரு சொட்டு விடும் மருந்தில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி இருக்கிறது. சுமார் 27 இலட்சம் முதல் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் அம்மருந்தே வாதத்தை உண்டாக்கக்கூடும். ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் பிள்ளைகள் கால் சூம்பிப்போன நாட்டில் அந்த இடரை ஏற்காதிருக்க வழியில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் தெ. ஜேக்கப் ஜான், ஒரே காலத்தில் ஊர் முழுமைக்கும் மருந்து கொடுக்கும் முறையை வேலூரில் நடத்திக் காட்டியவர். வாய்மருந்தின் குறைகளைத் தயங்காது எடுத்துரைத்து, கொல்லப்பட்ட கிருமியாலான ஊசிமருந்தும் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடியவரும் அவரே. ஆதரித்தவரே குறையையும் சொன்னார் என்பது கருதத்தக்கது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2015 நவம்பரில் ஊசிமருந்து அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 2016 ஏப்ரலில் வாய்மருந்திலிருந்து ஒரு வகைக் கிருமி நீக்கப்பட்டது.

எதிர்த்தட்டும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனில் 1974 அளவில் கக்குவான் ஊசி மூளையைக் கெடுக்கும் என்ற அச்சம் பரவி, ஊசியிட்டோர் எண்பது விழுக்காட்டிலிருந்து முப்பதளவுக்குச் சரிய, கக்குவான் திரும்பி வந்தது. படிப்பிலும் நலவாழ்விலும் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று நாம் பெருமைப்படும் கேரளத்தில், 2016இல் மலப்புறம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோயால் ஊசியிடாத பிள்ளைகள் இறந்தனர். மணல்வாரி போன்ற நோய் பரவாதிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருக்க வேண்டும். எஞ்சிய ஐவரின் இடம் யாருக்கு உரியது? பிறந்து சில திங்களே ஆன சிசுவுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் உடல் தளர்ந்த பிள்ளைக்கும் உரியது. வலுவுள்ள பிள்ளையைப் பெற்றவர் தயக்கத்தால் அந்த இடத்தில் தம் பிள்ளையை அமர்த்தினால், எழவேண்டியவர் அந்தச் சிசு.

எனில், ஊருக்காகக் கை நீட்டியவனுக்கு ஊனம் வந்தால் ஊர் என்ன செய்யும்? பிரிட்டன் 1979இல் ஒரு சட்டம் செய்து, தடுப்பூசியால் கடுமையாக ஊனமுற்றோருக்கு அரசே பத்தாயிரம் பவுன் வழங்க முன்வந்தது. நம் நாட்டில் இக்கேள்வி கொரோனாக் காலத்துக்குப் பின்னரே உரத்து எழுந்தது. 2022 மே 2 அன்று உச்சநீதிமன்றம், எவரையும் வலிந்து ஊசியிடச் செய்யலாகாது. ஆயினும் பொதுநலன் கருதித் தகுந்த கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம். பக்கவிளைவுகள் பற்றிய விவரங்களை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு பெண்மணி நின்றார். ஊசியின் பின்விளைவால் தம் கணவர் இறந்தார் என்பது அவர் வழக்கு. அரசின் சொல்லை நம்பிக் கை நீட்டிய குடும்பம் அது. அத்தகைய இறப்புகளை இனங்கண்டு, சார்ந்திருப்போர்க்கு இழப்பீடு அளிக்க நெறிமுறை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு நீதிமன்றம் பணித்தது. மூன்று திங்கள் தவணையும் குறித்தது.